பாமினிக் கோப்புகளை மீட்க ஒரு சின்ன லினக்ஸ் செயலி: எழுதுவது முதல் வெளியிடுவது வரை

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் எந்த அச்சகத்துக் கணினியைத் திறந்தாலும் பாமினியில் அடித்த கோப்புகள் நிறையக் கிடக்கும். கோயில் திருவிழா அறிவித்தல், பள்ளிவாசல் கந்தூரிக் கடிதம், 31ஆம் நாள் நினைவு மலர், வடமோடிக் கூத்துப் பிரதி, பாடசாலை ஆண்டு மலர் என்று எல்லாம் அதில்தான். பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து தெரியும். தேட முடியாது, கைபேசியில் வாசிக்க முடியாது, வாட்ஸ்அப்பில் ஒட்டி அனுப்ப முடியாது. அண்ணாவியார் சொல்லச் சொல்ல யாரோ ஒருவர் பொறுமையாக இருந்து அடித்து வைத்த கூத்துப் பிரதி, அந்த எழுத்துரு தொலைந்தால் கூடவே தொலைந்த மாதிரிதான்.

ஆகவே இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் இதுதான்: பாமினியை யூனிகோடாக, அதாவது இன்றைய கணினிகளும் கைபேசிகளும் பொதுவாகப் பாவிக்கும் எழுத்துக் குறிமுறையாக, மாற்றித் தரும் ஒரு சின்னத் திறமூலச் செயலி, லினக்ஸ் மேசைக்கணினிக்கு. இணையத்தில் மாற்றித் தரும் பக்கங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் ஒரு குடும்பத்தின் நினைவு மலரையோ அலுவலகக் கடிதத்தையோ யாரோ ஒருவருடைய சர்வருக்கு அனுப்பாமல், இணையமே இல்லாத இடத்திலும் வேலை செய்கிற ஒன்று கையில் இருப்பது நல்லது. உங்களுக்கு வேறு யோசனை இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், படிகள் ஏறக்குறைய ஒன்றுதான். உயர்தரத்தில் ஐசிடி படித்தவர்களுக்குப் பைதன் கொஞ்சம் தெரிந்திருக்கும், தொடங்க அது போதும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒரு விடயம். வெளியிடும் வேலையைக் கடைசிக்கு வைக்காதீர்கள். பல்கலைக்கழக இறுதியாண்டு ப்ரொஜெக்டாக எழுதப்படும் எத்தனையோ நல்ல செயலிகள் எழுதினவருடைய மடிக்கணினியை விட்டு வெளியே வருவதே இல்லை, ஏனென்றால் இன்னொருவர் நிறுவக்கூடிய பொதியாக அது ஒருநாளும் ஆக்கப்படவில்லை. வெற்று ஜன்னல் ஒன்று திறந்தாலே போதும், அந்த வெற்று ஜன்னலை முதல் நாளிலேயே பொதியாக்கி, இன்னொரு கணினியில் நிறுவிப் பாருங்கள். மாற்றும் வேலையெல்லாம் அதற்குப் பிறகு.

முதல் படி: சுருக்குங்கள்

முதல் பதிப்பில் இரண்டு பெட்டி. இடப்பக்கம் பாமினி உரையை ஒட்டுவது, வலப்பக்கம் யூனிகோட் வருவது, அதற்குக் கீழே ‘நகலெடு’ என்று ஒரு பொத்தான். அவ்வளவுதான். வேர்ட் கோப்பை நேரே திறப்பது, ஒரு ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுவது, பாமினி அல்லாத வேறு பழைய எழுத்துருக்கள் என்று ஆசை வரும். எல்லாவற்றையும் ஒரு பட்டியலில் எழுதி ஓரமாக வையுங்கள். சின்னதாக ஒன்று வெளியே போய், நாலு பேர் பாவிக்கத் தொடங்கினால்தான் அடுத்ததாக எது வேண்டும் என்பதே தெரியும்.

இரண்டாம் படி: கருவிகள்

லினக்ஸ் மின்ட், உபுண்டு, ஃபெடோரா, எது இருந்தாலும் சரி. செயலியின் முகத்துக்கு, அதாவது ஜன்னல், பொத்தான்களைத் தரும் லைப்ரரிக்கு, இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று ஜிடிகே 4, 2020 கடைசியில் வந்தது, அதோடு லிப்அத்வைத்தா. மற்றது க்யூட்டி, பைதனில் பைசைட் 6 மூலம். இரண்டும் நல்லவை. புதியவர்களுக்கு நான் ஜிடிகேயைச் சொல்லக் காரணம் நோம் என்ற லினக்ஸ் மேசைச்சூழலுக்கான நோம் பில்டர் என்ற மென்பொருள். அதில் புதிய ப்ரொஜெக்ட், மொழி பைதன் என்று தெரிவு செய்தவுடன், ஓடக்கூடிய வெற்றுச் செயலி, மெசான் கட்டமைப்புக் கோப்பு, ஃப்ளாட்பேக் மேனிஃபெஸ்ட் (ஃப்ளாட்பேக் என்ற பொதி முறைக்குச் செயலியை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் கோப்பு), டெஸ்க்டாப் கோப்பு (செயலியை மெனுவில் காட்டுவது), மொழிபெயர்ப்பு ஃபோல்டர் எல்லாவற்றையும் அதுவே போட்டுத் தந்துவிடும். நான் முதல் நாள் என்று சொன்ன வேலை இதனால் ஒரு மாலைப்பொழுதில் முடியும்.

டேட்டாவைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஃப்ளாட்பேக்கின் ரன்டைமும் (செயலி ஓடத் தேவையான அடிப்படை லைப்ரரிகள்) எஸ்டிகேயும் (அதைக் கட்டத் தேவையான கருவிகள்) பெரியவை. இரவு நேர டேட்டா இருந்தால் படுக்கப் போகும்போது இறக்க விடுங்கள், அந்தப் பதிப்பை மாற்றும்வரை திரும்ப இறக்கத் தேவையில்லை. உங்கள் கணினியில் 4 ஜிபி ராம்தான் என்றால் பில்டர் கொஞ்சம் மூச்சுவாங்கும், அப்போது சாதாரண உரைத் தொகுப்பானில் எழுதி, டெர்மினலில் ஃப்ளாட்பேக்-பில்டர் கட்டளையை ஓட்டுவது வேகமாக இருக்கும்.

மூன்றாம் படி: பெயர், அடையாளம், உரிமம்

தொடங்கும்போதே கிட் (ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவி) போடுங்கள், செயலியின் கோடை, அதாவது நிரல் வரிகளை, கிட்ஹப்பிலோ கிட்லாபிலோ கோட்பெர்கிலோ பொதுவில் வையுங்கள். பிறகு செயலிக்கு ஒரு பெயர், சின்னதாக, 20 எழுத்துக்குள். அதோடு ஓர் அடையாளம் வேண்டும். இணைய முகவரியைத் தலைகீழாக எழுதினதுபோல இருக்கும். கோட் கிட்ஹப்பில் இருந்தால்: ஐஓ, புள்ளி, கிட்ஹப், புள்ளி, உங்கள் பயனர்பெயர், புள்ளி, செயலியின் பெயர். சொந்தமாக டொமைன் இல்லாதவர்களுக்கு இந்த வழிதான். உங்களுக்குச் சொந்தமில்லாத டொமைனைப் போட்டால், ஃப்ளாட்பேக் பொதிகளை வெளியிடும் தளமான ஃப்ளாட்ஹப்பில் ஏற்கமாட்டார்கள். டெஸ்க்டாப் கோப்பு, மெட்டாஇன்ஃபோ என்ற விபரக் கோப்பு, ஐகான் எல்லாவற்றின் பெயரும் இந்த அடையாளமாகவே, பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட அப்படியே இருக்க வேண்டும். வெளியிட்ட பிறகு அடையாளத்தை மாற்றுவது பெரிய தலையிடி, ஆறுதலாக யோசித்துப் போடுங்கள்.

உரிமத்தை ஒத்திப்போட வேண்டாம். கோடைப் பொதுவில் போட்டாலே அது திறமூலம் ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவுடனேயே உரிமை எழுதியவருடையது, உரிமக் கோப்பு இல்லாவிட்டால் மற்றவர் அதைப் பாவிக்கவோ திருத்திப் பகிரவோ அனுமதி இல்லை. ஜிபிஎல் 3 போட்டால் உங்கள் கோடைத் திருத்தி வெளியிடுபவரும் தன் கோடைத் திறந்தே கொடுக்க வேண்டும். எம்ஐடி போட்டால் அந்தக் கட்டாயம் இல்லை. மேசைக்கணினிச் செயலிக்கு என் தெரிவு ஜிபிஎல். பாமினி எழுத்துருக் கோப்பைப் பொதிக்குள் சேர்க்க வேண்டாம், நம்முடைய வேலைக்கு அது தேவையுமில்லை, விநியோகிக்க உரிமை தெளிவாக எழுதப்படாத எதையும் உள்ளே வைக்கக் கூடாது.

நான்காம் படி: மாற்றும் கோட்

இங்கேதான் கொஞ்சம் மினக்கெட வேண்டும். பாமினிக் கோப்பில் தமிழ் எழுத்துகளே இல்லை. ‘தமிழ்’ என்ற சொல் அதற்குள் சின்ன ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி என்று ஐந்து குறிகளாகக் கிடக்கும், எழுத்துரு அந்தக் குறிகளுக்குத் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுகிறது. ஆகவே முதலில் எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்று பைதனில் ஒரு டிக்ஷனரி. ஜே என்றால் த, கே என்றால் ம, பி என்றால் இகர விசிறி, ஓ என்றால் ழ, அரைப்புள்ளி என்றால் புள்ளி. உகர எழுத்துகள் பலவற்றுக்கு ஷிஃப்ட் போட்ட தனிக் குறி உண்டு, பெரிய ஜி என்றால் ‘பு’. அதனால் ‘மட்டக்களப்பு’ என்ற சொல் பாமினியில் 11 குறி, யூனிகோடில் 12 குறி, நாம் வாசிக்கும்போது 8 எழுத்து. பைதனில் நீளம் கேட்டால் 12 என்றுதான் சொல்லும். எழுத்தை எண்ணும் செயலி எழுதப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

அடுத்தது வரிசை. பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிக்கிறோம்: ‘கொ’வுக்கு முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடிலோ மெய்யெழுத்துக்குரிய க முதலில், உயிர்க்குறி பின்னால். எனவே ஒவ்வொரு குறியாக மாற்றிக்கொண்டு போனால் கொம்பு முன் எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். செய்ய வேண்டியது என்னவென்றால், கொம்பு, மெய், கால் என்ற மூன்று குறித் தொடர்களை முதலில் மாற்றுவது, பிறகு இரண்டு குறித் தொடர்கள், கடைசியில் தனிக் குறிகள். டிக்ஷனரியை நீளமான தொடர் முதலில் வரும்படி ஒழுங்குபடுத்திக்கொண்டு, உரையை இடமிருந்து வலமாக ஒரே தடவை நடந்து போனால் போதும், திரும்பத் திரும்ப ரிப்ளேஸ் போட வேண்டாம், போட்டால் ஏற்கெனவே மாறினது மறுபடி மாறும்.

பிறகு ஔகாரம். ‘கௌ’ என்பதைப் பாமினியில் கொம்பு, க, ள என்றுதான் அடிக்கிறார்கள். அந்த ‘ள’ ஔகாரத்தின் பாதியா, உண்மையான ளகரமா என்று குறியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஔகாரமாக மாற்றினால் ‘வெளிநாடு’ என்பது ‘வௌிநாடு’ என்றும், ‘வெள்ளம்’ என்பது ‘வௌ்ளம்’ என்றும் வரும். இப்படிச் சொற்களைச் செய்திகளிலும் அறிவித்தல்களிலும் நீங்கள் கட்டாயம் கண்டிருப்பீர்கள். அது தட்டச்சுப் பிழை போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் மாற்றியின் பிழைதான். விதி எளிது: அந்த ளவுக்குப் பின்னால் புள்ளியோ காலோ விசிறியோ வந்தால் அது உண்மையான ள, தொடாதீர்கள். ‘கௌரவம்’, ‘பௌர்ணமி’ மாதிரிச் சொற்களில் ள வெறுமனே நிற்கும், அங்கே மட்டும் ஔகாரம். இந்த ஒரு விதியைச் சரியாக எழுதினாலே உங்கள் செயலி பலவற்றை விட நல்லது.

கடைசியில் வெளியே போகும் உரையை யூனிகோட்டேட்டா என்ற பைதன் மொட்யூலால் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ‘கொ’ என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம், திரையில் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் தேடும்போது ஒன்று மற்றதற்கு அகப்படாது. என்எஃப்சி அதைச் சீராக்கும். (மாற்றியை விட்டு மாணவர் பெயர்ப் பட்டியல் போன்ற செயலி எழுதுகிறீர்கள் என்றால் அகரவரிசையும் இதேபோலக் கவனிக்க வேண்டியது. யூனிகோட் அட்டவணையில் ன என்பது நவுக்கு அடுத்ததாக, பவுக்கு முன்னால் இருக்கிறது, சும்மா சோர்ட் போட்டால் நெடுங்கணக்கு வராது. தமிழ் லொக்கேல் (மொழிக்குரிய விதித் தொகுப்பு) தெரிந்த வரிசைப்படுத்தலைப் பாவியுங்கள்.)

ஒவ்வொரு விதிக்கும் ஒரு சோதனை எழுதி வையுங்கள்: உள்ளே போவது, வெளியே வர வேண்டியது. வெள்ளம், வெளிநாடு, கௌரவம், கொக்கட்டிச்சோலை, அக்கரைப்பற்று, மட்டக்களப்பு. நாளைக்கு ஒரு விதியைத் திருத்தும்போது பழையது உடைந்தால் உடனே தெரியும். உண்மையான கோப்புகளும் வேண்டும், தெரிந்த அச்சகத்தில் கேளுங்கள், தருவார்கள். ஆனால் அவற்றில் ஆட்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் இருக்கும். அதை அப்படியே கிட்ஹப்பில் போடாதீர்கள், உங்கள் கணினியோடு நிற்கட்டும்.

வேர்ட் கோப்பு பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இரண்டாம் பதிப்பில் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். வெறும் உரையில் எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது, மின்னஞ்சல் முகவரியும் தமிழாகிவிடும். டொக்எக்ஸ் கோப்பில் அந்தச் சிக்கல் குறைவு. அது உண்மையில் ஒரு ஸிப், உள்ளே எக்ஸ்எம்எல், அதில் எந்தத் துண்டுக்கு எந்த எழுத்துரு என்று எழுதியிருக்கும், சில வேளை துண்டில் இல்லாமல் ஸ்டைலில் இருக்கும். பாமினி என்று குறித்த துண்டுகளை மட்டும் மாற்றி, எழுத்துருப் பெயரையும் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றாக மாற்றிவிட வேண்டும். பைதனோடு வரும் ஸிப்ஃபைல், எக்ஸ்எம்எல் மொட்யூல்களே இதற்குப் போதும். வெளி லைப்ரரி குறையக் குறையப் பொதியாக்கம் இலகு.

ஐந்தாம் படி: முகமும் மொழியும்

திரையில் வரும் சொற்களை கோடில் ஆங்கிலத்தில் எழுதி, கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவி மூலம் தமிழாக்குங்கள். தமிழ்ச் செயலிக்கு எதற்கு ஆங்கிலம் என்று கேட்கலாம். ஃப்ளாட்ஹப்பில் பரிசீலிப்பவர் வாசிக்க வேண்டும், அத்தோடு அம்பாறையில் சிங்களத்தில் வேலை செய்யும் ஓர் அலுவலருக்கும் தமிழ்க் கோப்பை மாற்ற வேண்டி வரலாம், அவருக்காக யாராவது சிங்களக் கோப்பு ஒன்றைச் சேர்க்க வழி திறந்திருக்கும். பொத்தான்களின் அகலத்தைக் கட்டிப்போடாதீர்கள், தமிழ்ச் சொற்கள் நீளம். எழுத்துகளைச் சரியாகப் பிணைத்துக் காட்டும் வேலையை பாங்கோ, ஹார்ஃப்பஸ் என்ற இரண்டு லைப்ரரிகளும் பார்த்துக்கொள்ளும். பெரிய கோப்பை மாற்றும்போது அந்த வேலையைத் தனி த்ரெட்டில் (ஜன்னலோடு சமாந்தரமாக ஓடும் இழையில்) விடுங்கள், இல்லாவிட்டால் ஜன்னல் உறைந்து நிற்கும், ஆட்கள் செயலி செத்துப்போய்விட்டது என்று நினைத்து மூடிவிடுவார்கள்.

ஆறாம் படி: பொதி

ஃப்ளாட்பேக் என்பது 2016இல் இந்தப் பெயரோடு வந்த பொதி முறை, எந்த லினக்ஸிலும் ஒரே பொதி ஓடும். ஆப்இமேஜ், ஸ்னாப் என்று வேறு வழிகளும் உண்டு, டெபியனின் அதிகாரபூர்வக் களஞ்சியத்துக்குள் போவது நல்லதுதான் ஆனாலும் தொடங்குபவருக்கு நீண்ட பாதை. ஃப்ளாட்பேக்கோடு தொடங்குங்கள்.

மேனிஃபெஸ்ட்டில் நோம் ரன்டைமைக் குறிப்பிட்டால் பைதனும், பைதனிலிருந்து ஜிடிகேயைப் பாவிக்க உதவும் பைஜிஒப்ஜெக்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன. அனுமதிகள் பகுதியைக் கவனமாக எழுதுங்கள். திரையில் காட்ட வேய்லண்ட், அது இல்லாத இடத்தில் எக்ஸ் 11, அதற்குத் துணையாக ஐபிசி, வரைகலை வன்பொருளுக்கு டிஆர்ஐ, இவ்வளவும் போதும். வீட்டு ஃபோல்டர் முழுவதையும் கேட்க வேண்டாம், ஜிடிகேயின் கோப்புத் தெரிவுப் பெட்டி போர்ட்டல் என்ற இடைவாசல் வழியாகப் பாவனையாளர் தெரிவுசெய்த கோப்பை மட்டும் உள்ளே தரும். வலையமைப்பு அனுமதியைப் போடவே போடாதீர்கள். அது இல்லாத செயலியால் இணையத்துக்குப் போகவே முடியாது, ‘உங்கள் கடிதம் எங்கும் போகாது’ என்பதை யாரும் அனுமதிப் பட்டியலைப் பார்த்தே உறுதிசெய்துகொள்ளலாம்.

மெட்டாஇன்ஃபோ கோப்பைப் பலர் ஏனோதானோ என்று எழுதுகிறார்கள். மென்பொருள் கடையில் உங்கள் செயலியின் பக்கமே அதிலிருந்துதான் வருகிறது: பெயர், 35 எழுத்துக்குள் ஒரு சுருக்கம், விளக்கம், உரிமம், திரைப்பிடிப்புகள், உள்ளடக்கத் தரவரிசை, ஒவ்வொரு பதிப்பிலும் என்ன மாறியது என்ற குறிப்பு. ஆங்கிலத்தில் எழுதி, தமிழ் மொழிக்குறியோடு தமிழையும் சேர்க்கலாம். திரைப்பிடிப்பில் ‘மாதிரி உரை’ என்று போடாமல் நல்ல தமிழ் வரி நாலைப் போடுங்கள், என்ன செய்யும் செயலி என்று பார்த்தவுடன் விளங்கட்டும். ஐகான் எஸ்விஜியில். எழுதி முடித்ததும் ஆப்ஸ்ட்ரீம் (மெட்டாஇன்ஃபோவைப் பார்ப்பது), டெஸ்க்டாப் கோப்பு, ஃப்ளாட்பேக்-பில்டர் லின்ட் ஆகிய மூன்று சரிபார்ப்புகளையும் ஓட்டிப் பிழைகளைத் தீருங்கள்.

ஏழாம் படி: ஃப்ளாட்ஹப்

கட்டணம் எதுவும் இல்லை. உங்கள் கோடில் முதல் பதிப்புக்கு ஒரு டேக் (பதிப்புப் பெயர்க்குறி) போட்டு, மேனிஃபெஸ்ட்டில் அந்த டேக்கையும் கொமிட் எண்ணையும் (கிட்டில் பதிந்த மாற்றத்தின் அடையாளம்) குறிப்பிடுங்கள். பிறகு கிட்ஹப்பில் ஃப்ளாட்ஹப்பின் களஞ்சியத்தை ஃபோர்க் செய்ய, அதாவது உங்கள் கணக்குக்குப் பிரதி எடுக்க வேண்டும், அப்போது ‘மாஸ்டர் கிளையை மட்டும்’ என்ற தெரிவை எடுத்துவிடுங்கள், ஏனென்றால் உங்கள் கோரிக்கை நியூ-பிஆர் என்ற கிளைக்குத்தான் போக வேண்டும், மாஸ்டருக்கு அல்ல. அங்கே மேனிஃபெஸ்ட்டை மட்டும் சேர்த்து புல் ரிக்வெஸ்ட் (சேர்த்துக்கொள்ளும்படி கேட்கும் கோரிக்கை) திறங்கள், செயலியின் முழுக் கோடையும் கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம். கட்டும்போது அவர்களுடைய கணினிக்கு இணையம் இல்லை, தேவையான எல்லா மூலங்களும் மேனிஃபெஸ்ட்டிலேயே எழுதியிருக்க வேண்டும். லைப்ரரி குறைவாக வையுங்கள் என்று மேலே சொன்னது இதற்காகவும்தான்.

பரிசீலிப்பவர்கள் தங்கள் நேரத்தில் இதைச் செய்கிறார்கள். பதில் வரக் கொஞ்ச நாள் எடுக்கலாம். ‘இந்த அனுமதி எதற்கு’, ‘இந்தப் படம் சரியில்லை’ என்று சுருக்கமாகக் கேட்பார்கள், அதில் கோபம் எதுவும் இல்லை, ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும் இரண்டு வரியில் நேராகப் பதில் எழுதினால் போதும். உங்கள் கோடில் எந்த வரி ஏன் இருக்கிறது என்று கேட்டால் விளக்கக்கூடிய நிலையில் இருங்கள். ஏற்றுக்கொண்டதும் உங்கள் செயலிக்கென்று தனிக் களஞ்சியம் திறந்து அழைப்பு அனுப்புவார்கள். அதை ஒரு வாரத்துக்குள் ஏற்க வேண்டும், கிட்ஹப்பில் இரண்டு காரணி உறுதிப்படுத்தலை முன்கூட்டியே போட்டு வையுங்கள். அதன்பின் ஃப்ளாட்ஹப் தளத்தில் கிட்ஹப் கணக்கால் உள்நுழைந்து செயலியைச் ‘சரிபார்க்கப்பட்டது’ ஆக்கிக்கொள்ளலாம்.

எட்டாம் படி: ஊருக்குள் கொண்டுபோவது

ஃப்ளாட்ஹப்பில் வந்துவிட்டால் வாகரையிலோ பொத்துவிலிலோ இருக்கிற ஒருவருக்கு அது தானாகப் போய்ச் சேர்ந்துவிடாது. டேட்டாவும் சிக்கல். ஃப்ளாட்பேக்கில் கிரியேட்-யுஎஸ்பி என்று ஒரு கட்டளை இருக்கிறது, செயலியையும் அதற்குத் தேவையான ரன்டைமையும் சேர்த்துப் பென்டிரைவில் எழுதித் தரும். பில்ட்-பண்டில் கட்டளையால் ஒற்றைக் கோப்பாகவும் ஆக்கலாம், ஆனால் அதற்குள் ரன்டைம் இராது. பாடசாலைக் கணினி அறைக்கும் நூலகத்துக்கும் அச்சகத்துக்கும் முதலாவதுதான் பொருத்தம். நேரே போய் அவர்கள் பாவிப்பதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள், எங்கே கை தயங்குகிறது என்று அதில் தெரிவது வேறு எங்கும் தெரியாது.

பிறகு பராமரிப்பு. நோம் ரன்டைம் மார்ச்சிலும் செப்டெம்பரிலும் புதிதாக வரும், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரு வருட ஆதரவு. ஆகவே வருடத்துக்கு ஒரு தடவையாவது மேனிஃபெஸ்ட்டில் ரன்டைம் எண்ணைக் கூட்டி, கட்டி, ஓட்டிப் பார்த்து வெளியிட வேண்டும், விட்டால் பாவனையாளருக்கு ஆதரவு முடிந்துவிட்டது என்ற எச்சரிக்கை வரும். பிழை அறிக்கைகளைத் தமிழிலும் எழுதலாம் என்று ரீட்மீ கோப்பில் தெளிவாகப் போடுங்கள், நம் ஆட்கள் எழுதாமல் விடுவதற்கு அந்தத் தயக்கமும் ஒரு காரணம். நம்பிக்கையான ஒருவரைக் கூடப் பராமரிப்பாளராகச் சேர்த்து, களஞ்சியத்தில் எழுதும் உரிமையைக் கொடுத்து வையுங்கள். வேலை, படிப்பு, வெளிநாடு என்று நீங்கள் விலக வேண்டி வந்தால் அடுத்த ரன்டைம் மாற்றத்தை அவர் பார்த்துக்கொள்வார்.